சனிக்கிழமை மேசை

தச்சருக்குக் கோபம் வருவது அபூர்வம். சாப்பாட்டில் உப்பு இல்லையென்றால் வராது, வண்டியில் எவனாவது இடித்துவிட்டுப் போனாலும் வராது. ஆனால் அவர் செய்த மரச்சாமானைப் பற்றி ஒரு சொல் சொல்லிவிட்டால் போதும், மனிதருக்கு மூக்குக்கு மேல் வந்து நிற்கும். இருபத்தாறு வருடம் கூடவே குடும்பம் நடத்தியவளுக்கு இது தெரியாதா என்ன? தெரியும். தெரிந்தும் அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் டீயை ஆற்றிக்கொண்டே வாய் தவறிச் சொல்லிவிட்டாள்.

“மழை ஆரம்பிச்சதும் உங்க டிராயர் மறுபடி சிக்குதுங்க.”

டம்ளர் கீழே வந்தது. எந்த டிராயர் என்றார். மியூசியத்தில் குழந்தைகள் எழுதுவதற்குச் செய்து கொடுத்தாரே, அந்த மேசையின் டிராயர்தான் என்றாள். போன மழைக்கும் இதே கதைதான், சொன்னால் வருத்தப்படுவீர்களே என்று சொல்லவில்லை என்றாள். அது இன்னும் மோசமாகப் போயிற்று.

“நான் செஞ்ச டிராயர் சிக்காது,” என்றார் தச்சர். அன்று சாயங்காலமே மரம் இழைக்கிற இழைப்புளியை எடுத்துத் தீட்டி வைத்தார்.

அந்த மியூசியம் வேறொன்றுமில்லை, ஒரு வீடு. நூறு வருடத்துக்கு முன்னால் வாழ்ந்த பெரிய எழுத்தாளர் ஒருவர் பிறந்து, எழுதி, செத்துப்போன வீடு. அங்கே வேலை பார்ப்பவர்கள் அவரைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுவதில்லை, ‘பெரியவர்’ என்பார்கள், இப்போதுதான் மாடியில் தூங்கப் போயிருக்கிறார் என்பதைப் போல. மாடியில் அவர் எழுதிய அறை. அதில் அவருடைய மேசை, மேசையைச் சுற்றிக் கயிறு, கயிற்றில் ‘தொடாதீர்கள்’ என்ற பலகை. சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் அவர் நண்பருக்கு எழுதிய கடிதம். கீழே குழந்தைகள் அறை. அங்கே அதே மேசையின் நகல். கால் தேய்ந்தது, மைக்கறை பட்டது எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்து அச்சு அசலாகத் தச்சர் செய்தது. ‘தாராளமாகத் தொடுங்கள்’ என்று அதற்கும் ஒரு பலகை உண்டு.

அங்கே குழந்தைகளுக்கு நடக்கிற சனிக்கிழமை வகுப்பு அவளுடையது. குழந்தைகள் அவளுக்கு ‘மை அத்தை’ என்று பெயர் வைத்தார்கள். விரல் நுனியில் எப்போதும் மை இருக்கும், சோப்புப் போட்டாலும் போகாது. வகுப்பு என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஒவ்வொரு குழந்தையும் மேசையில் உட்கார்ந்து, தொட்டெழுதும் பேனாவால், தனக்குத் தோன்றிய ஒரே ஒரு வரியை எழுத வேண்டும். எழுதியதை மடித்து டிராயரில் போட வேண்டும். மழைக்காலமென்றால் டிராயர்தான் திறக்காதே! ஆகவே எல்லாரும் சேர்ந்து இழுப்பார்கள். மூன்று சனிக்கிழமை வந்தும் ஒரு எழுத்தும் எழுதாமல் உட்கார்ந்திருந்த ஒருவன், நான்காவது வாரம் டிராயரோடு மல்லுக்கட்டி முகம் சிவந்து போய், ‘இந்த டிராயருக்கு என்னைப் பிடிக்கவில்லை’ என்று எழுதினான். அன்று அவளுக்கு வீட்டுக்கு நடந்து போனதே தெரியவில்லை. இந்த வேலை வருடா வருடம் புதுப்பிக்கிற வேலைதான், நிரந்தரமில்லை. ஆனாலும் அவளுக்கு வாரம் என்றால் சனிக்கிழமைதான், மற்ற நாட்களெல்லாம் அதற்குக் காத்திருக்கிற நாட்கள்.

திங்கட்கிழமை மியூசியத்துக்கு விடுமுறை. தச்சர் பையில் இழைப்புளியைப் போட்டுக்கொண்டு சாவி வைத்திருக்கிற அவளையும் இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். குழந்தைகள் அறையில் டிராயரை ஒரு குத்து குத்தி வெளியே எடுத்தார், முழங்காலில் வைத்துப் பக்கப் பலகையில் இழைப்புளியை ஒரு தடவை ஓட்டினார். சுருளாக மரச்சீவல் ஒன்று தரையில் விழுந்தது. அதைக் குனிந்து எடுத்து மூக்கில் வைத்தார். மறுபடியும் முகர்ந்தார்.

“இது என் மரம் இல்ல.”

அவளுக்குப் புரியவில்லை. அவர் டிராயரின் மூலையைக் காட்டினார். பலகையும் பலகையும் பல் வைத்துக் கோத்திருக்கிற இடம். அசல் மேசையில் நாலு பல் இருந்ததாம். நாலு போதாது, மழைக்கு மரம் ஊதினால் மூலை கோணி டிராயர் சிக்கும் என்று இவர் தன் நகலில் அஞ்சு வைத்தாராம். நகல் என்றால் நகலாக இருக்க வேண்டும் என்று சொல்லித்தான் வேலை கொடுத்தார்கள், ஆனால் கெட்ட டிராயர் செய்ய இவருக்குக் கை வரவில்லை. இப்போது முழங்காலில் இருப்பதில் நாலு பல்தான் இருந்தது.

இருவரும் மாடிக்கு ஓடினார்கள். தச்சர் கயிற்றுக்கு அடியில் நுழைந்து, பெரியவர் மேசையின் டிராயரை ஒற்றை விரலால் இழுத்தார். சத்தமே இல்லாமல் வந்தது. அவர் முகத்தில் அந்த நேரத்திலும் ஒரு பெருமை. சுவரில் மாட்டியிருந்த கடிதத்தை அவள் பார்த்தாள். ‘மழை வந்தால் என் மேசை டிராயரைத் திறக்க விடுவதில்லை, கதைகளை உள்ளே வைத்துக்கொண்டு பிடிவாதம் பிடிக்கிறது.’ இதைப் பார்வையாளர்களுக்கு ஆயிரம் தடவை மனப்பாடமாகச் சொல்லியிருக்கிறாள். கீழே சிக்குகிற டிராயரை வாரா வாரம் இழுத்திருக்கிறாள். இரண்டையும் ஒருநாளும் சேர்த்துப் பார்க்காத தன் மண்டையை என்னவென்று சொல்வது?

எப்படி நடந்தது என்பதும் ஞாபகம் வந்துவிட்டது. இரண்டு வருடத்துக்கு முன் தரைக்குப் பாலிஷ் போட்டபோது இரண்டு மேசையையும் கூடத்தில் துணி போர்த்தி வைத்திருந்தார்கள். எது எங்கே என்று வேலையாட்கள் கேட்டார்கள். மகளோடு போனில் பேசிக்கொண்டிருந்தவள், இது மேலே, அது கீழே என்று விரலைக் காட்டிவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தாள். அவ்வளவுதான். அன்று முதல் பார்வையாளர்கள் தச்சர் செய்த மேசையைக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எண்ணூறு குழந்தைகள் பெரியவரின் மேசையில் மை கொட்டிக்கொண்டிருந்தார்கள்.

“யாருக்கும் தெரியவேணாம்,” என்றார் தச்சர். “ரெண்டு பேரும் பிடிச்சா இருபது நிமிஷம். மாத்தி வெச்சிரலாம்.”

பிடித்தார்கள். மாடியில் இருந்த மேசையை மாடிப்படியின் மேல்படிவரை தூக்கிக்கொண்டும் போனார்கள். அங்கே அவள் நின்றுவிட்டாள்.

“எறக்கி வைங்க. கதைக்குள்ள எவ்வளவு வேணா புளுகு, கதைக்கு வெளிய வேணாம்னு அந்தப் பசங்ககிட்ட வாரா வாரம் நான்தான் சொல்றேன்.”

“வேலை போயிடும்டி.”

“தெரியும்,” என்றாள். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே மேசையைப் பழைய இடத்துக்குக் கொண்டுபோய் வைத்தாள். மரச்சீவலை ஒரு உறையில் போட்டு மூடினாள்.

மறுநாள் காலை மியூசியத்தை நிர்வகிக்கும் காப்பாட்சியரிடம் உறையைக் கொடுத்து எல்லாவற்றையும் சொன்னாள். காப்பாட்சியர் முப்பது வயதுப் பெண், வந்து ஒரு வருடம்தான் ஆகிறது. எதையும் அளந்து பார்க்காமல் நம்பாதவர். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. கையுறை மாட்டிக்கொண்டு, டார்ச்சை எடுத்துக்கொண்டு, மாடி அறையில் மேசைக்கு அடியில் மல்லாக்கப் படுத்துவிட்டார். பிறகு அடியிலிருந்து குரல் வந்தது. பென்சிலால் ஏதோ எழுதியிருக்கிறதாம், வாசிக்கிறேன் என்றார்.

“சோப்பு ரெண்டு. பல்பு ஒண்ணு. ஆணி கால் கிலோ. அவளுக்கு நல்ல குடை.”

மை அத்தை கையிலிருந்த குடையைப் பார்த்தாள். கடையில் சும்மா கொடுத்தான் என்று சொல்லித்தான் மேசை செய்துகொண்டிருந்த நாளில் அதைக் கொண்டுவந்து கொடுத்தார் தச்சர். இத்தனை வருடமும் அவள் அதை நம்பிக்கொண்டிருந்தாள்.

காப்பாட்சியர் தூசியைத் தட்டிக்கொண்டு எழுந்தார். மியூசியத்தின் அறங்காவலர்களுக்கு எழுத வேண்டும், அதுவரை வகுப்பு வேண்டாம் என்றார். இரண்டு சனிக்கிழமை அவள் வீட்டிலேயே கிடந்தாள். அலமாரியில் இருந்த பாத்திரங்களை எல்லாம் இறக்கித் துலக்கித் திரும்ப ஏற்றினாள். தச்சர் அவளுக்குப் பின்னாலேயே ஈரத்துணியோடு நின்றார்.

மூன்றாவது வாரம் அழைப்பு வந்தது. பெரியவரின் மேசை மாடிக்குப் போய்விட்டது. பிள்ளைகள் கொட்டிய மையைச் சுரண்ட வேண்டாம் என்று காப்பாட்சியரே வாதாடியிருந்தார். புதிய பலகையும் வைத்திருந்தார். ‘இந்த மேசையில் அவர் முப்பது வருடம் எழுதினார். பிறகு எங்கள் தவறால் எண்ணூறு குழந்தைகளும் இரண்டு வருடம் எழுதினார்கள்.’ பக்கத்தில் ஒரு சின்னக் கண்ணாடிப் புட்டியில் அந்த மரச்சீவல்கூட இருந்தது. தவறு யாருடையது என்று பலகையில் பெயர் இல்லை. அதைப் பார்த்ததும் மை அத்தைக்கு அந்தப் பெண்ணைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. ஆனால் காப்பாட்சியர் அட்டவணையை நீட்டிச் சொன்னார்:

“அடுத்த வருஷத்துக்கு உங்க வகுப்பைப் பென்சில்லதான் எழுதியிருக்கேன். மாசக் கடைசியில அறங்காவலர்ல ரெண்டு பேர் வந்து பாப்பாங்க. அப்புறம்தான் முடிவு.”

அந்தச் சனிக்கிழமை நகல் மேசையோடு வகுப்பு நடந்தது. நடந்தது என்று சொல்லக்கூடாது, ஊர்ந்தது. முதல் குழந்தை டிராயரைத் தொட்டது, அது வழுக்கிக்கொண்டு வந்தது. குழந்தைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இழுக்க ஆள் தேவையில்லை, சண்டை இல்லை, சிரிப்பு இல்லை. எழுதியவர்களும் ‘இன்று சனிக்கிழமை’ என்று எழுதினார்கள். பாதிப் பேர் அரைமணியில் ஜன்னலுக்குப் போய்விட்டார்கள். வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த காப்பாட்சியர், போகும்போது, வீட்டில் உங்கள் கணவரிடம் ஒன்று கேட்க முடியுமா என்றார்.

கேட்டாள். சோறு போட்டு, கை கழுவித் துடைத்த பிறகுதான் கேட்டாள். சிக்குகிற மாதிரி ஒரு டிராயர் வேண்டும்.

“வேணும்னே கெடுத்துச் செய்யச் சொல்றியா? என்னைப் பாத்தா?”

இரண்டு நாள் உளியைத் தொடவே இல்லை. மூன்றாம் நாள் கொல்லைப்புறக் கொட்டகையிலிருந்து அறுக்கிற சத்தம் கேட்டது. அவள் எட்டிப் பார்க்கவில்லை. முதலில் செய்தது வழுக்கிக்கொண்டு போனதாம். கண்ணை மூடிக்கொண்டு இன்னொன்று செய்தாராம், அதுவும் நன்றாகவே வந்து தொலைத்ததாம். நல்ல வேலையே பழகிய கை, என்ன சொன்னாலும் கேட்கமாட்டேன் என்றது. கடைசியில், வேலை கற்ற நாள் முதல் எதைத் தொடவே கூடாது என்று இருந்தாரோ அந்தக் காயாத பச்சை மரத்தில் ஒன்று செய்தார். பல் நாலுதான் வைத்தார். அது ஒரு வாரத்தில் காய்ந்து, முறுக்கிக்கொண்டு, பார்க்கவே சகிக்காதபடி ஆயிற்று. அதைத் துணியில் சுற்றித்தான் தெருவில் எடுத்துப் போனார், யாராவது தொழில்காரன் பார்த்துவிடுவான் என்று.

மாசக் கடைசிச் சனிக்கிழமை நல்ல மழை. அறங்காவலர் இருவரும் சுவரோரமாக நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். காப்பாட்சியர் அட்டவணையோடு நின்றார். தச்சர், நான் வரவே மாட்டேன் என்று சொன்னவர், கதவுக்குப் பின்னால் நின்றார்.

முதல் குழந்தை இழுத்தது. டிராயர் அசையவில்லை. இன்னொருவன் வந்து பிடித்தான், பிறகு இரண்டு பேர். ஒன்று, இரண்டு, மூன்று! எல்லாரும் ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள், டிராயர் அங்கேயே இருந்தது. அறை சிரிப்பில் அதிர்ந்தது. அறங்காவலர்களில் வயதானவர் எழுந்து, நான் ஒருமுறை பார்க்கிறேன் என்று வந்து, அவரும் தோற்றுப் போனார். மை அத்தைக்குக் கண் நிறைந்துவிட்டது. இவ்வளவு சந்தோஷமாக இருந்து எத்தனை நாளாயிற்று!

அப்போதுதான் கண்ணாடி போட்ட ஒரு சின்னப் பெண், இடுப்பில் கைவைத்துக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கும்படி கேட்டாள்.

“யாரு இதைச் செஞ்சது? ஒழுங்காவே செய்யத் தெரியல.”

மை அத்தை கதவுப் பக்கம் பார்க்கவில்லை, பார்க்கப் பயந்தாள். ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம் என்று வாயைத் திறந்தாள். அதற்குள் அவர் உள்ளே வந்துவிட்டார்.

“நான்தாம்மா செஞ்சேன்,” என்றார் தச்சர்.

அந்தப் பெண் அவரை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். பிறகு உட்கார்ந்து பேனாவை மையில் தொட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு நிதானமாக ஒரு வரி எழுதி, மடிக்காமலே அத்தையிடம் கொடுத்தாள். ‘இந்த டிராயரைச் செய்தவர் பாவம், ஆனால் நல்லவர்.’

அறங்காவலர்கள் தலையசைத்ததும் காப்பாட்சியர் மேசைக்கு வந்து, இன்னொரு பேனாவை எடுத்து, அட்டவணையில் பென்சிலால் எழுதியிருந்ததன் மேலேயே மையால் எழுதினார். மை அத்தை காகிதத்தை நாலாக மடித்தாள். டிராயரில் போட வேண்டுமே, இழுத்தாள், வரவில்லை. மறுபடி இழுத்தாள்.

“ஏங்க,” என்றாள். “ஒரு கை பிடிங்க.”