ஓரம் வெட்டிய படம்

சாலைப் பாதுகாப்பு மாதக் கண்காட்சிக்கு நான் தயார் செய்த நாற்பத்திரண்டு படங்களில் எல்லோரும் நின்று பார்த்தது ஒன்றைத்தான். ஆம்பூரைத் தாண்டி ஒரு ஷூ கம்பெனி வாசல். நாலு வழிச்சாலை அப்போதுதான் போட்டு முடித்திருக்கிறார்கள். ஆட்கள் கடக்கப் போட்ட வெள்ளைக் கோடுகள் பளிச்சென்று இருக்கின்றன. அவற்றின்மேல் டிபன் பையோடு பத்துப் பதினைந்து பெண்கள் நடந்து போகிறார்கள். ஒரு லாரி நின்று வழிவிடுகிறது. லாரி நின்று வழிவிடுவதை எங்கள் பக்கத்தில் படத்தில்தான் பார்க்க முடியும்.

எனக்குப் பழைய படம் என்றால் பைத்தியம். கல்லூரி முடித்ததும் வேலூரில் ஒரு சாலை அலுவலகத்தின் பழைய ஆல்பங்களை ஸ்கேன் செய்யும் ஒப்பந்த வேலை கிடைத்தது. ஆறு மாதம் பூஞ்சையைத் துடைத்தேன், ஒட்டிக்கொண்ட படங்களைப் பிரித்தேன், கறை எடுத்தேன். குறுக்கே நின்ற கம்பங்களைக்கூட அழித்தேன். நல்லவற்றை என் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் போட்டேன். "ஹரிணி, செம" என்று யாராவது எழுதினால் அன்று முழுக்கத் தரையில் கால் படாது.

அந்தப் படங்களில் ஒரே தொல்லை. ஒவ்வொன்றிலும் ஓரத்தில் ஒரு ஆள் சிலேட்டுப் பலகையைப் பிடித்தபடி நிற்பார். கிலோமீட்டர் எண், தேதி, வேலையின் பெயர் எல்லாம் அதில் சாக்பீஸில் எழுதியிருக்கும். எனக்கு அது கண்ணை உறுத்தியது. வெட்டினேன். வெட்டியதை அதே பெயரில், முழுப் படத்தின் மேலேயே சேமித்தேன். கடைசியில், ஸ்கேன் முடிந்தது, அசல் தேவையில்லை என்ற தாளில் கையெழுத்தும் போட்டேன். ஆல்பங்கள் பழைய பேப்பர் வண்டியில் போயின. அலுவலகம் கண்காட்சி வேலையையும் எனக்கே கொடுத்தது.

கண்காட்சியின் மூன்றாம் நாள் ஒரு அம்மா வந்தார். பெயர் அமிர்தவள்ளி, அதே கம்பெனியில் தோல் ஒட்டும் பேஸ்டிங் செக்‌ஷன். நேராக அந்தப் படத்துக்குப் போய் வெள்ளைக் கோட்டின்மேல் விரலை வைத்தார்.

"இங்கதாம்மா எம் பொண்ணு போனது. சந்திரா. போன வருசம், காலைல ஷிப்டுக்குப் போவசொல்ல லாரி அடிச்சிட்ச்சு."

படம் எடுத்ததற்கும் விபத்துக்கும் நடுவில் ஒருமுறை சாலைக்குப் புதுத் தார் போட்டார்கள். கோட்டை மறுபடி போடவில்லை. கடக்க இடமே இல்லாத இடத்தில் கவனமில்லாமல் ஓடினாள் என்று போலீஸ் எழுதியது. கோர்ட்டில் லாரிக்காரர் பக்கமும் அதையே சொல்கிறது.

"அவன் தப்புன்னு கூட எழுத வேணாம். எம் பொண்ணு கண்ண மூடினு ஓடிட்டான்னு எழுதாம இருந்தா போதும். கோடு இருந்த எடத்துலதான் போனா. எனுக்கும் அதே பழக்கந்தான்."

"நான் தர்றேம்மா. இப்பவே தர்றேன்" என்று குதித்தேன்.

பிரின்ட் போட்டு இரண்டு பேருமாக அவருடைய வக்கீல் ஆதிகேசவனிடம் ஓடினோம். அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

"எந்த எடம் இது?"

"ஆம்பூர் தாண்டி, சார்."

"நீ சொல்ற. படம் சொல்லலியே. இந்த மாதிரி கம்பெனி கேட்டு ராணிப்பேட்டைலயும் கீது, வாணியம்பாடிலயும் கீது. எடம், தேதி எதுனா இருந்திச்சா?"

"இருந்திச்சு சார்."

"எங்க?"

"வெட்டிட்டேன்."

படியிறங்கும்போது அமிர்தவள்ளி அம்மா மெதுவாகக் கேட்டார். "கம்ப்யூட்டர்லதான வெட்ன? அதுலயே ஒட்டிடேன். நம்பரு ஞாபகம் கீதில்ல?"

இருந்தது. தேதிகூட இருந்தது. பத்து நிமிட வேலை.

"அது பொய் ஆயிடும்மா."

"நீ வெட்னது மட்டும் நெசமா?"

வெட்டியது நான்தான், இடம் இதுதான் என்று கோர்ட்டில் சாட்சி சொல்கிறேன் என்று மட்டும் சொன்னேன். அலுவலகத்தில் பொறியாளர் பரந்தாமன் சார் கேட்டுவிட்டுச் சிரித்தார். "ஆபீஸ் ரெக்கார்ட வெட்டிட்டேன்னு நீயே கூண்டுல ஏறி சொல்லப்போறியா? பேஷா போ. நாளைலருந்து இங்க வராத."

போனேன். எதிர்த்தரப்பு வக்கீல் அதட்டவே இல்லை. செல்போனில் என் இன்ஸ்டாகிராம் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, மகளிடம் பேசுவதுபோலக் கேட்டார்.

"நல்லா பண்ணிருக்கம்மா. இந்தப் படத்துல கம்பம் எதுனா இருந்திச்சா?"

"இருந்திச்சு சார். அழிச்சிட்டேன்."

"ஓரத்துல ஆளு?"

"வெட்டிட்டேன்."

"இந்த வெள்ளைக் கோடு?"

"அத தொடல சார். கொஞ்சம் பிரைட் பண்ணேன், அவ்ளோதான்."

பின்னால் யாரோ சிரித்தார்கள்.

"கம்பத்த எடுக்கத் தெரிஞ்ச உனக்கு நாலு கோடு போடத் தெரியாதாம்மா?"

போடவில்லை என்று மூன்று முறை சொன்னேன். ஒவ்வொரு முறையும் எனக்கே பொய் மாதிரி கேட்டது.

இரண்டு மாதம் கழித்துத் தீர்ப்பு வந்தது. ஆங்கிலத்தில் இருந்ததால் அமிர்தவள்ளி அம்மா அதை என்னிடமே எடுத்து வந்தார். ஆம்பூர் பஸ் ஸ்டாண்டு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து படித்துச் சொன்னேன். புகைப்படம் மாற்றப்பட்டது, ஏற்க இயலாது. இறந்தவர் கடக்கும் இடம் அல்லாத இடத்தில் கவனமின்றிக் கடந்திருக்கிறார். அந்த வரியை விழுங்கிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. இன்னொன்றை வெட்ட எனக்குத் தைரியம் இல்லை, படித்துவிட்டேன்.

"எம் பொண்ணு பேரு எங்க கீது?"

காட்டினேன்.

"உம் பேரு?"

நாலு வரி மேலே இருந்தது. அதையும் காட்டினேன்.

"உன்ன இன்னான்னு எழுதிக்கீறாங்க?"

"மூணாவது சாட்சின்னு."

"திட்டலியா?"

"இல்லம்மா."

தாளை வாங்கி நாலாக மடித்தார். டீயைத் தொடவே இல்லை.

"அவளத்தான் திட்டிக்கீறாங்க" என்று சொல்லிவிட்டு, ஷிப்டுக்கு நேரமாகிவிட்டதென்று பஸ் ஏறினார்.