வெட்டாத அலறல்

1

அன்று காலை அவள் எண்ணெய்ச் சீசாவோடு குளியலறைக் கதவருகே நின்றாள். கீல் கிரீச்சிட்டு மானத்தை வாங்கிக்கொண்டிருந்தது. கணவர் சட்டைப் பொத்தானைப் போட்டபடியே ஓடிவந்து தடுத்தார்.

"அதுல கை வைக்காதே. வர்ற வாரம் அந்தக் கதவுக்கு வேலை இருக்கு."

"இந்த வீட்டுல கதவுக்குக்கூட வேலை கிடைக்குது," என்றாள் அவள்.

(இது மூன்றாவது தொடக்கம். முதலாவது 'நான்' என்று ஆரம்பித்து, 'நான் அன்றைக்கு அவரை' என்ற இடத்தில் நின்றுவிட்டது. இரண்டாவதில் செத்துப்போனவரே கதை சொன்னார். பேய்க்கதை செய்கிற எங்கள் ஆட்களுக்கு அதுதான் பிடிக்கும். எழுதுவதற்கு எனக்குத்தான் தெம்பில்லை. அதனால் 'அவள்'. எழுதுகிறவளுக்கும் கதையில் வருகிறவளுக்கும் ஒரே வீட்டுச் சாவிதான்.)

கதை பிறந்த காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். கணவரோடு திகில் படங்களில் வேலை பார்த்த மேக்கப்காரர் வந்து ஒன்று கேட்டார். 'சரி' என்றோ 'மாட்டேன்' என்றோ சொல்ல வாய் வரவில்லை. எழுதினால் வருமா என்று பார்க்கிறேன்.

2

கணவர் பகலில் மூக்குக்கண்ணாடிக் கடையில் பவர் பார்க்கிறவர். வெள்ளிக்கிழமை மாலையில் திகில் செய்தி, அதாவது திகில் கதை செய்கிறவர்களைப் பற்றிய செய்தி, வாசிப்பவர். அலமாரிக்குள் தலையை விட்டுக்கொண்டு, தொங்கும் துணிகளுக்கு நடுவே பேசிப் பதிவுசெய்து, இணையத்தில் ஏற்றுவார். யாரோ லிப்டுக்குள்ளேயே ஒரு முழுப் படம் எடுக்கிறார்கள். யாரோ எப்போதும் பஸ்ஸைத் தவறவிடுகிற பேயைப் பற்றிப் படக்கதை வரைகிறார்கள். ஒரு பல் டாக்டரம்மா ஒலிநாடகம் எழுதுகிறார். அதற்குச் சத்தம் தேட வேண்டியதே இல்லை. இப்படி, வேறு எந்தச் செய்தியிலும் வராதவர்களின் செய்தி. கேட்கிறவர்கள் ஒரு கல்யாண மண்டபத்தில் பாதியைக்கூட நிரப்பமாட்டார்கள். ஆனால் அத்தனை பேரும் ஏதாவது செய்துகொண்டிருப்பவர்கள்.

செய்தியோடு ஒரு தானமும் செய்தார்: அவருடைய அலறல். ஒருமுறை பதிவுசெய்து, கேட்டவர்களுக்கெல்லாம் சும்மா கொடுத்தார். எத்தனையோ படங்களில் யார் யாரோ செத்தபோது கத்தியது அவர்தான்.*

* வீட்டில் கரப்பான்பூச்சியைக் கண்டாலும் அதே அலறல்தான். தனியாகப் பயிற்சி எடுக்கவில்லை.

3

அன்று கடையில் ஒருவருக்குக் கண் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசி வரியைப் படிக்கச் சொன்னாராம். வந்தவர் தட்டுத்தடுமாறிப் படித்து முடித்து, "சரியா சார்?" என்று கேட்டாராம். பதில் வரவில்லை.

(இங்கே ஒரு பத்தி இருந்தது. ஆஸ்பத்திரி, நடைபாதை, நான் போய்ச் சேர்ந்த விதம். எடுத்துவிட்டேன்.)

திகில்காரர்களின் போன் குழுவுக்கு அவள்தான் தகவல் அனுப்பினாள்: 'அவர் போய்விட்டார். இன்று காலை, கடையில்.' உடனே கைதட்டல் படங்கள் வந்து குவிந்தன. கண்ணாடிக் கடையில் பேயா, பிரமாதமான இடம் என்றார் ஒருவர். டீசர் எப்போது அண்ணி என்றார் இன்னொருவர்.

அவர்கள்மேல் தப்பில்லை. போன வருடம் தன் தொடர் நாடகத்துக்கு விளம்பரமாக, தான் செத்துப்போனதாக அறிவித்து, அடுத்த வெள்ளிக்கிழமை 'அந்தப் பக்கத்திலிருந்து' செய்தி வாசித்த மனிதர் அவர். அப்படிப் பழக்கிவைத்திருந்தார்.

மேக்கப்காரர் வாழ்த்துச் சொல்ல நேரிலேயே வந்துவிட்டார். பையிலிருந்து புதிதாகச் செய்த ரப்பர் கை ஒன்று எட்டிப்பார்த்தது. கதவைத் திறந்தவளின் முகத்தைப் பார்த்தார். முகம் பார்ப்பதுதானே அவர் தொழில். அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். பிறகு குழுவில் ஒரே வரி போட்டார்: 'இது செய்தி. கதை இல்லை.'

அதற்குப் பிறகு வந்தார்கள் பாருங்கள். மண்டையோட்டுச் சட்டையைத் தவிர மாற்றுச் சட்டை இல்லாதவர்கள் அதை உள்பக்கம் வெளியே வரத் திருப்பிப் போட்டுக்கொண்டு வந்தார்கள். பல் டாக்டரம்மா எல்லாருக்கும் காபி போட்டார். மேக்கப்காரர் கணவரின் முகத்தருகே அமர்ந்தார். உயிரோடிருப்பவர்களைப் பிணமாக்கியே பழகிய கை அது. அன்று அந்தக் கை என்ன செய்ததென்று தெரியவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது இருந்த முகத்தோடு அவர் கிடந்தார். அவளுக்கு அதற்கு நன்றி சொல்லத் தெரியவில்லை. இந்த வரியில் சொல்லிவிடுகிறேன், தம்பி.

4

இனி வேண்டுகோள்.

நேற்று மாலை மேக்கப்காரர் வந்தார். வெள்ளிக்கிழமைச் செய்தியை இப்போது முறை வைத்து வாசிக்கிறார்கள். அவரவர் வீட்டு அலமாரியில் அவரவர் தலை. அதில் அறிவிக்க ஒரு பெரிய செய்தி இருந்தது. எல்லாரும் சேர்ந்து ஒரு படம் எடுக்கிறார்கள். லிப்ட் படக்காரர் இயக்கம், டாக்டரம்மா வசனம். அண்ணனுக்காக.

"அண்ணி, மாட்டேன்னா மாட்டேன்னு சொல்லிடுங்க," என்று ஆரம்பித்தார். "எங்ககிட்ட இருக்கிற அலறலெல்லாம் முன்னாடி பின்னாடி வெட்டினது. காப்பி எடுத்து எடுத்துத் தேஞ்சும் போச்சு. முழுசா உங்ககிட்டதான் இருக்கு. படத்துக்கு அது வேணும்."

அந்தப் பதிவை அவள் அன்றிலிருந்து திறக்கவில்லை. அந்தக் காலையில் அவர் கத்தவே இல்லை என்று கண் பார்க்க வந்தவர் சத்தியம் செய்திருந்தார். அதை அவள் நம்பியிருந்தாள். பதிவைக் கேட்டால், அந்த அமைதியான காலைக்குள் இந்த அலறல் போய் ஒட்டிக்கொள்ளும் என்று பயம். ஒட்டிக்கொண்டால் பிய்த்தெடுக்க முடியாது.

"நீங்க கூட இருங்க," என்று சொல்லிவிட்டுப் போட்டாள்.

குளியலறைக் கதவு கிரீச்சிட்டது. பிறகு அலறல். மேக்கப்காரருக்கே தோள் தூக்கிப்போட்டது. பிறகு கொஞ்சம் மூச்சு.

"எப்படி? பயந்தியா?" என்றது அவர் குரல்.

"பால் பொங்கி அடுப்பெல்லாம் ஊத்திடுச்சு," என்றது அவளுடைய குரல். "கத்தினது போதும், துணியை எடுங்க."

அப்புறம் இரண்டு பேர் சிரிப்பது. யாரோ ஓடுவது. அவ்வளவுதான் பதிவு.

மேக்கப்காரர் பையிலிருந்த ரப்பர் கையை எடுத்து அதன் விரல்களை நீவினார். பிறகு, "முழுசாப் போட்டா ஜனங்க சிரிச்சுடுவாங்க அண்ணி," என்றார். "படமே உடைஞ்சுடும்."

"வெட்டினா?"

"வெட்டினா அண்ணன் செத்துடுவாரு." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அத்தனை நாளில் முதல் சிரிப்பு. அவர் மன்னிப்புக் கேட்கக் கேட்க அது இன்னும் அதிகமாயிற்று.

5

முடிவுகள்.

அவள் அலறலை மட்டும் வெட்டிக் கொடுக்கிறாள். படம் நன்றாக வருகிறது. இருட்டில் எல்லாரும் நடுங்குகிறார்கள். அவளுக்கு மட்டும் அடுத்து வரும் பால் தெரியும்.

அல்லது, முழுதாகக் கொடுக்கிறாள். படம் உடைகிறது. உடைந்த இடத்தில் முன்பின் தெரியாதவர்களும் சேர்ந்து

(இதை முடிக்கவில்லை. எனக்கு எந்தப் பக்கம் ஆசை என்று தெரிந்துவிடும்.)

அல்லது, மாட்டேன் என்கிறாள். மேக்கப்காரர் சரி அண்ணி என்று சொல்லி, மறுநாளும் வருகிறார்.

மூன்றிலும் அவர் மறுநாள் வருவார். அதை மாற்றி எழுத எனக்கு மனமில்லை. பதிவு மேசைமேல் இருக்கிறது, வெட்டாமல். எங்கே வெட்டுவது, வெட்டுவதா என்பதை இதுவரை படித்த நீங்களே சொல்லுங்கள். உங்களுக்கும் இப்போது அந்தப் பாலைத் தெரியும்.

எண்ணெய்ச் சீசா சன்னல் திட்டில் இருக்கிறது. கதவு கிரீச்சிடுகிறது.