ஓய்வு நாள் என்றது கடிகாரம்

கனிமொழிக்கு வந்த கோபத்துக்கு அந்தக் கடிகாரத்தைத் தூக்கி வாய்க்காலில் எறிந்திருப்பாள். கம்பெனிக்காரன் சோதித்துப் பார்க்க அனுப்பிய சாமான் என்பதால் கையை அடக்கிக்கொண்டாள்.

திருப்பனந்தாள் பக்கத்துக் கிராமத்து வீட்டில் இருந்தபடியே, சென்னை இணையதளம் ஒன்றுக்குப் புதுச் சாதனங்களைச் சோதித்து எழுதுவதுதான் அவள் வேலை. இந்த முறை வந்தது ஒரு ஜிபிஎஸ் கடிகாரம். பாறையில் மோதினாலும் உடையாதாம், சேற்றில் புதைத்தாலும் ஓடுமாம், கட்டியிருப்பவர் உடம்பு படும் பாட்டைப் புட்டுப் புட்டு வைக்குமாம். சேறுதானே வேண்டும், நம் வயலில் இல்லாத சேறா என்று அம்மா அம்சத்தின் மணிக்கட்டில் கட்டி நடவுக்கு அனுப்பினாள்.

அதில் அவளுக்கு ஓர் உள்நோக்கமும் இருந்தது. அம்சத்துக்கு இடுப்பு எலும்பு தேய்ந்துவிட்டது, இனிமேல் குனியவே கூடாது என்று கும்பகோணத்து டாக்டர் சொல்லியிருந்தார். அப்பா இராஜாங்கம் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கூலி நடவுக் கோஷ்டி வைத்திருக்கும் பக்கிரியிடம் விட்டுவிடலாம் என்றால், வீட்டில் ஆள் இருக்கும்போது வெளி ஆள் எதற்கு என்பார். மனுஷி வாயால் சொன்னால் நம்பாதவர் கடிகாரம் சொன்னால் நம்புவார் என்று கனிமொழி கணக்குப் போட்டாள்.

காலை ஏழு மணிக்குக் குனிந்த அம்சம், சாயங்காலம் வரப்பில் கையூன்றித்தான் கரையேறினாள். கடிகாரத்தைக் கழுவிப் பார்த்தால் ஒரு கீறல் இல்லை. வயலின் நாலு மூலையையும் அச்சுப் பிசகாமல் வரைந்து வைத்திருந்தது. ஆனால் நடந்தது வெறும் ஆயிரத்துச் சொச்சம் காலடி, உடற்பயிற்சி எதுவுமில்லை, இன்று உங்களுக்கு ஓய்வு நாள் என்றது.

அடப்பாவி, முழங்கால் சேற்றில் பின்னாலேயே நகர்ந்து நகர்ந்து வயலை நட்டவளுக்கு ஓய்வு நாளா? கனிமொழி அதன் விளையாட்டுப் பட்டியலைப் புரட்டினாள். பனிச்சறுக்கு இருந்தது, கோல்ஃப் இருந்தது, பலகையில் நின்று துடுப்புப் போடுவதுகூட இருந்தது. நடவு இல்லை. உறுதிக்கு முழு மதிப்பெண், உடம்பை அறிவதற்குப் பூஜ்யம் என்று அப்போதே எழுதி அனுப்பினாள்.

அதைவிடக் கொடுமை, இராஜாங்கம் அந்த ஓய்வு நாளை எட்டிப் பார்த்துவிட்டதுதான். மறுநாள் மீதி வயலில் டிராக்டர் சேறடித்ததால் நடவு இல்லை. அவர் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு டீக்கடை, சொசைட்டி என்று ஊரைச் சுற்றிவிட்டு வந்தார். ஒன்பதாயிரம் அடி. திரையில் வாணவேடிக்கை காட்டி அவரைப் பாராட்டியது.

“பாத்தியாம்மா, யாரு உழைக்கிறாங்கன்னு மெஷினே சொல்லிடுச்சு. நாளைக்கு மீதியையும் உங்கம்மா நட்டுடுவா.”

கனிமொழிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அம்மாவுக்காக அவள் கூட்டிவந்த சாட்சி அம்மாவுக்கே எதிராகப் பேசிவிட்டதே. அப்படியானால் அம்மா இடத்தில் நீங்கள் இறங்குங்கள் என்றாள். நடவு பெண்கள் வேலை, ஆம்பிளை நாற்று பறிப்பதோடு சரி என்று அவர் இழுத்தார்.

“ஓய்வுன்னுதானேப்பா மெஷின் சொல்லுச்சு. ஓய்வு எடுக்கிறதுல என்ன ஆம்பள, பொம்பள?”

மறுநாள் காலை வீம்புக்கு வயலில் இறங்கினார். பக்கத்து வயலில் நட்டுக்கொண்டிருந்த பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். மூன்றாவது நாற்று முடியைப் பிரிப்பதற்குள் அவருடைய பேச்சு நின்றது. ஒரு மணி நேரம் தாங்கவில்லை. இடுப்பைப் பிடித்தபடி கரையேறி, சேற்றுக் கையோடு போனை எடுத்து, நாளைக்கே ஆட்களைக் கூட்டிவரும்படி பக்கிரியிடம் சொன்னார். நடவு லேசுப்பட்ட வேலை இல்லைதான் என்று மகளிடம் பெரிய மனசு பண்ணி ஒப்புக்கொள்ளவும் செய்தார்.

ஜெயித்துவிட்டோம் என்று கனிமொழி வரப்பில் நின்ற அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். அம்சம் சிரிக்கவில்லை. அவள் குரலும் உயரவில்லை.

“நாலு வருஷமா வலிக்குதுன்னு நான் சொன்னேன். டாக்டரும் சொன்னாரு. உங்களுக்கு வலிச்சாத்தாங்க அது வலியா?”

இராஜாங்கம் இடுப்பிலிருந்து கையை எடுத்துவிட்டார்.