ஐந்தாவது ஆள்

டெலிபோன் அலறிய அலறலில் கத்திரியின் கையிலிருந்த டீ சட்டையில் பாதியும் மேஜையில் பாதியுமாகக் கொட்டியது.

மாலைப் பத்திரிகை ஒன்றில் உள்ளூர்ப் பக்கத்துக்கு அவன்தான் துணை ஆசிரியர். யார் எழுதிக் கொடுத்தாலும் கடைசி இரண்டு பாராவைத் தயவு தாட்சண்யம் இல்லாமல் வெட்டிவிடுவான். முக்கியமானது மேலே, மற்றதெல்லாம் கீழே, இடம் போதாவிட்டால் கீழேயிருந்து காலி. அதனால்தான் அந்தப் பெயர்.

மறுமுனையில் பகுதி நிருபர். மூச்சு வாங்க விஷயத்தைக் கொட்டினார். கட்டிக்கொண்டிருந்த ஆறு மாடிக் கட்டடத்தில் சாரம் சரிந்துவிட்டதாம். வெளிச்சுவருக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்த நாலு பேர் அங்கேயே போய்விட்டார்கள். ஐந்தாவது ஆள், இருபத்திரண்டு வயசு, பெரிய ஆஸ்பத்திரியில் குற்றுயிராகக் கிடக்கிறான்.

யார், என்ன, எங்கே, எப்போது எல்லாம் ஐந்து நிமிஷத்தில் கத்திரியின் நோட்டுக்கு வந்துவிட்டன. ஏன் என்று சொல்லவேண்டிய மேஸ்திரி மட்டும் தலைமறைவு.

"எத்தனை?" என்றார் செய்தி ஆசிரியர்.

"நாலு சார். ஒருத்தன் சீரியஸ்."

அவர் உதட்டைப் பிதுக்கினார். முதல் பக்கத்தில் எண்ணெய்க் கிடங்குத் தீ சட்டமாக உட்கார்ந்திருந்தது. நாலு என்றால் மூன்றாம் பக்கம், ஐந்து என்றால் தீயை இறக்கிவிட்டு இதை ஏற்றலாம், பன்னிரண்டரைக்குப் பக்கம் மூடிவிடும் என்று சொல்லிவிட்டுப் போனார். கெட்ட மனிதர் இல்லை. அந்த ஆபீசில் சுவருக்குக்கூடத் தெரிந்த விதி அது.

மூன்று வருஷமாகக் கத்திரியின் செய்தி எதுவும் முதல் பக்கத்தை எட்டிப் பார்த்ததில்லை. மனைவியின் அண்ணன் வீட்டுக்கு வரும்போதெல்லாம், "என்ன மாப்ளே, இன்னிக்காவது முன்பக்கம் வந்தீங்களா, இல்ல ஜோசியத்துக்குப் பக்கத்துலயேதானா?" என்று சீண்டுவான். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போவாள்.

கத்திரி கம்ப்யூட்டரில் முதல் பாராவை இரண்டாக அடித்து வைத்தான். ஒன்றில் நால்வர் பலி. இன்னொன்றில் ஐவர் பலி. இரண்டாவதுதான் ஓட்டமாக வந்திருந்தது.

ஒன்பதரைக்கு வார்டுக்குப் போன் போட்டான். பத்திரிகை என்றால் நர்ஸ் வாய் திறக்கமாட்டாள் என்பதால், பெயின்டர் பையனுக்குத் தெரிந்தவன் பேசுகிறேன் என்றான். தொழிலில் இதையெல்லாம் யாரும் பொய் என்று சொல்வதில்லை. நிலைமை அப்படியே இருப்பதாக நர்ஸ் சொன்னாள். பத்தேகாலுக்கும் அதே பதில். பதினோரு மணிக்கு, ரத்தம் ஏற்றியிருப்பதாகவும் கொஞ்சம் தேவலை என்றும் சொன்னாள்.

அவனுக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

ரிசீவரை வைத்த பிறகுதான் எதற்காக மனசு விழுந்தது என்பது உறைத்தது. எழுந்து போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தான். பன்னிரண்டுக்கு மறுபடியும் சுழற்றினான். நாடி இறங்குவதாகச் சொன்ன நர்ஸ், தைரியமாக இருக்கும்படி அவனுக்கு ஆறுதல் வேறு சொன்னாள்.

பன்னிரண்டு இருபதுக்குச் செய்தி ஆசிரியர் நாற்காலிக்குப் பின்னாலேயே வந்து நின்றுகொண்டார். கத்திரி கடைசித் தடவையாகப் போன் செய்தான். பையனின் அப்பா பக்கத்தில் இருப்பதாக மட்டும் சொல்லி நர்ஸ் ரிசீவரை அவரிடம் கொடுத்தாள்.

"போயிட்டான்ப்பா," என்றது ஒரு கரகரத்த குரல். "இப்பதான்."

கத்திரியின் விரல் தன்பாட்டுக்கு நால்வரை அழித்தது. திரையைப் பார்த்த செய்தி ஆசிரியர் அவன் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, தீயை இறக்க ஓடினார்.

கத்திரி வாயைத் திறப்பதற்குள் கிழவர் தானாகவே பேச ஆரம்பித்தார். வேலைக்குக் கூட்டிப்போனவன் இந்தப் பக்கம் தலைகாட்டவில்லையாம். சொந்தக்காரர்கள் வந்துசேரச் சாயங்காலம் ஆகுமாம். காலையிலிருந்து யாரோ ஒருத்தர் விடாமல் போன் போட்டு விசாரிக்கிறார் என்று நர்ஸம்மா சொல்லிக்கொண்டே இருந்தாளாம்.

கத்திரி ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டான். நான் பத்திரிகைக்காரன் என்று சொல்லிவிட நினைத்தான். வரவில்லை. சற்றுத் தள்ளி யாரோ பக்கம் தயார் என்று குரல் கொடுத்தார்கள்.

"முகத்தை மூடிடவான்னு கேட்டாங்க தம்பி," என்றார் கிழவர். "நீ வந்து பாக்கிற வரைக்கும் வேண்டாம்னு சொல்லிட்டேன்."