ஷாரவ் வீட்டுக் குதிரைக்கறி

ஷாரவின் கூடாரத்துக்குள் தலையை நுழைத்ததுமே குதிரைக்கறி வேகிற வாசம் மூக்கில் அடித்தது. பனி கொட்டிய அன்று காணாமல் போன என் செம்பழுப்புக் குதிரையைத் தேடித்தான் மலை மலையாக அலைந்துகொண்டிருந்தேன்.

முன்பின் தெரியாத வீடு. வந்ததும் வராததுமாகக் கேட்டுவிட முடியுமா? வழக்கப்படி மூக்குப்பொடிக் குப்பிகளை மாற்றிக்கொண்டு முகர்ந்தோம். குளிர் எப்படி, மந்தை எப்படி என்று எல்லாம் விசாரித்தாயிற்று. அப்புறம்தான், "நெத்தியில வெள்ளை, ஒடம்பு செம்பழுப்பு. எங்கியாச்சும் பாத்தீங்களாண்ணே?" என்றேன்.

ஷாரவ் தன் மனைவி நோரோவைப் பார்த்தான். அவள் அடுப்பைப் பார்த்தாள். திருட்டு முழி என்றால் அதுதான்.

"மொதல்ல சாப்பிடு தம்பி."

"பாத்தீங்களா, இல்லியா?"

"வெறும் வயித்தோட என்ன பேச்சு? சாப்பிடு."

நோரோவ் மஞ்சள் கொழுப்போடு விலாக்கறியை ஆவி பறக்க என் முன்னால் வைத்தாள். நான் தொடவில்லை. பனியில் பிறந்து விறைத்துக் கிடந்த குட்டியை என் படுக்கையோரம் போட்டு வளர்த்தவன் நான். அதையே இப்போது தின்னச் சொல்கிறார்களா, பாவிகள்?

"என்னப்பா, மாப்பிள்ளை முறுக்கா?" ஷாரவ் சிரித்து மழுப்பினான். "எங்க வீட்டுக் கறி எறங்காதோ?"

"யாரு வீட்டுக் கறியோ, யாரு கண்டா!"

நோரோவின் கை அப்படியே நின்றது. ஷாரவ் எழுந்து என் தோளைப் பிடித்து வெளியே தள்ளிக்கொண்டு போனான். கூடாரத்துக்குப் பின்னால் ஒரு தோல் விரித்துக் கிடந்தது. கன்னங்கரேலென்று இருந்தது.

"எங்க கெழட்டுக் கறுப்பு. நல்லாப் பாத்துக்க!"

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. இருந்தாலும் விடவில்லை. "அப்ப ஏன் முழிச்சீங்க?"

அவன் எதிர்மலை உச்சியைக் காட்டினான். மலைத்தெய்வத்துக்கு அடுக்கிய கற்குவியலின் மேல் நீலப் பட்டுத்துணி காற்றில் படபடத்தது.

"நீ சொன்ன செம்பழுப்பை ஓநாய் அடிச்சுப் போட்டிருந்துச்சு. பிடரிமயிரை அழகாப் பின்னி விட்டிருந்தாங்க. யாரோ உசுரா வளத்ததுன்னு இவ ஒரே அழுகை. தலையை அங்க கொண்டுபோயி மரியாதையா வெச்சோம்." அவன் என் பக்கம் திரும்பினான். "பசியோட வந்தவன்கிட்ட எப்படிடா சொல்றது? சாப்பிட்டதும் சொல்லலாம்னு பாத்தா, நீ வாயே வெக்க மாட்டேங்கிற."

உள்ளே போய் உட்கார்ந்தேன். நோரோவ் கத்தியை எடுத்துக் கொடுத்தாள். எலும்பில் துளிக் கறி மிச்சம் வைக்காமல் தின்றேன். ஒவ்வொரு வாய்க்கும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது.