மூடிக்கு உள்ளே எழுதியிருக்கிறது

...இன்னும் மூன்று வண்டி, அப்புறம் நம் முறை, அப்புறம் அதே சாதா பெட்ரோல், அதே சத்தம், என்று நினைத்துக்கொண்டே தனசேகர் ஸ்டியரிங்கில் விரலால் தட்டினான், உடனே நிறுத்தினான், தட்டுவதுகூட அந்தத் தாளத்தில்தான் வருகிறது, தகர டப்பாவில் கோலிக்குண்டைப் போட்டுக் குலுக்குகிற மாதிரி, பெருங்களத்தூர் பாலம் ஏறும்போது இன்றைக்கு அது காலுக்கு அடியிலேயே கேட்டது. பக்கத்து சீட்டில் மாமா. கோதண்டம், அக்கா வெண்ணிலாவின் புருஷன், இந்த ஜெர்மன் காரின் சொந்தக்காரர், இடது முட்டியில் ஸ்டீல் பிளேட் வைத்திருப்பதால் கிளட்சை மிதிக்க முடியாதவர், அதனால்தான் தனசேகர் இங்கே உட்கார்ந்திருக்கிறான், வேறு எதனால்? சௌகார்பேட்டை சேட்டு ஒருவர் மகனுக்கு இறக்குமதி செய்த வண்டி, மகன் வெளிநாடு போய்விட, இரண்டு கதவும் ஒரு டர்போவுமாக ஊரப்பாக்கத்துக்கு வந்து சேர்ந்தது. வந்த நாளிலிருந்து குடிப்பது இந்த ஒரே பங்க்கில். ஏனென்றால் இது மாமா வீட்டு நிலம், பங்க்குக்குக் குத்தகைக்கு விட்டது. நாலு வருஷத்துக்கு முன்னால்வரை நெல் விளைந்த இடம், கிணறு இருந்த பள்ளத்திலேயே டேங்க்கைப் புதைத்துவிட்டார்கள், மாமாவும் சிரிக்காமல் சொல்வார், நம்ம கெணத்துத் தண்ணி இது, அடுத்தவன் நெலத்துல ஊத்துறது நமக்கு எதுக்குடா. எப்போதும் வரிசையை மீறி நேரே உள்ளே விடச்சொல்வார், இன்றைக்கு ஒரு தண்ணி லாரி குறுக்கே நின்று டீசல் குடித்துக்கொண்டிருக்கிறது, மாமாவும் எல்லோரையும்போல வெயிலில் காத்திருக்கிறார்... இந்த நிலத்தில் அவர் காத்திருப்பது இதுதான் முதல் தடவையோ?

பெட்ரோல் டேங்க் மூடிக்கு உள்ளே எழுதியிருக்கிறது, யார் வேண்டுமானாலும் படிக்கலாம், தொண்ணூற்றெட்டு. ஆயுத பூஜைக்கு மாமா அதன்மேலேயே சந்தனம் வைத்துக் குங்குமம் வைத்தார், அழுத்தி வைத்தார், இப்போது ஒன்பது மட்டும் தெரிகிறது, எட்டு குங்குமத்துக்குள் போய்விட்டது. அது என்ன எண் என்று மாமா கேட்கவில்லை, அவனாகச் சொன்னான், எஞ்சினுக்குள் பெட்ரோலையும் காற்றையும் சேர்த்து நசுக்கும்போது, தீப்பொறி வருவதற்கு முன்னால் தானாகப் பற்றிக்கொள்ளாமல் எவ்வளவு அழுத்தத்தைப் பொறுத்துக்கொள்ளும் என்பதுதான் மாமா அந்தக் கணக்கு, இந்த எஞ்சின் ரொம்ப நசுக்கும், சாதா பெட்ரோல் தாங்காது, முன்னாலேயே வெடித்துவிடும், அந்த வெடிதான் இந்தச் சத்தம், தாங்குகிற பெட்ரோல் தாம்பரத்தில் ஒரு பங்க்கில் கிடைக்கிறது. மாமா முழுவதும் கேட்டார், பல் குத்திக்கொண்டே கேட்டார், கடைசியில் சொன்னார், மூணாவது வருசத்துல காலேஜை வுட்டவன் எனக்கு கெமிஸ்ட்ரி சொல்றான், நீ கியரை ஒழுங்கா போடுடா. சாம்பார் ஊற்ற வந்த அக்கா அப்படியே நின்றாள். மாமா காலேஜோடு விட்டார், நைட் ஷிப்டையும் சேர்த்திருக்கலாம், அதையும் பாதியில்தான் விட்டான். ஓ.எம்.ஆரில் ஒரு கால் சென்டரில் இரண்டு வருஷம் டேனி என்ற பெயரில், ரோட்டில் வண்டி நின்றுபோன அமெரிக்காக்காரர்களிடம் பேசினான், மேடம் கடைசியாக எந்த கிரேடு போட்டீர்கள், மூடியைத் திறந்து உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கிறீர்களா... படித்தார்கள், முகம் தெரியாத ஒருவன் சொன்னதும் இறங்கிப் போய்க் குனிந்து படித்தார்கள், நன்றி டேனி என்றார்கள். பிறகு ஒருநாள் ஒருத்தி கத்தினாள், பெரிதாக ஒன்றுமில்லை, எல்லோரும் கத்துகிற அளவுதான், ஹெட்செட்டைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு நடந்து வந்துவிட்டான். அந்த அழுத்தமே தாங்கவில்லை. அவனுக்கு என்ன எண் போட்டிருப்பார்கள்? எண்பத்தெட்டு? அதுவும் கலப்படம்.

ஒரே ஒரு தடவை நல்லதை ஊற்றினான். பொங்கலுக்கு முன்னால், மாமா கோயிலில் இருந்தபோது, தனியாகத் தாம்பரம் போய், அங்கே ஒரு பங்க்கில் மட்டும் கிடைக்கிற தொண்ணூற்றேழை முழு டேங்க் அடித்தான், ஒன்று குறைந்தால் பரவாயில்லை. வண்டலூர் தாண்டி மிதித்தபோது சத்தமே இல்லை, வண்டி ரோட்டை இழுத்து உள்ளே போட்டுக்கொண்டது, காது அடைத்தது, அவன் சிரித்துவிட்டான், தனியாக, பல் தெரிய, அப்படிச் சிரித்து எத்தனை நாள் ஆகியிருந்தது. மறுநாள் மாமா ஏறினார், கூடுவாஞ்சேரி வரை போய்த் திரும்புவதற்குள் தோளில் ஓங்கி ஒரு அடி, பாத்தியாடா மச்சான், இப்பதான் உனுக்கு ஓட்ட வந்துகீது, நம்ம கெணத்துத் தண்ணின்னா சும்மாவா, இந்த வண்டி கீற வரிக்கும் நீதான்டா டிரைவரு, வேற எவனையும் தொட வுட மாட்டேன். அக்காவின் முகம் அன்றைக்கு எப்படி மலர்ந்தது, வந்த இடத்தில் தம்பிக்கு ஒரு இடம் கிடைத்துவிட்டதே என்று... இந்த வண்டி இருக்கிற வரைக்கும். மேடவாக்கத்தில் இறக்குமதி வண்டிகளைப் பிரித்துப் பழுது பார்க்கிற ஞானையா, போன வாரம் எஞ்சின்மேல் காதை வைத்துக் கேட்டுவிட்டுச் சொன்னார், தம்பி, இத்தினி நாள் வண்டிக்குள்ள கீற கம்ப்யூட்டரு சமாளிச்சிச்சி, இன்னும் நாலு டேங்க் இதே போட்டீன்னா பிஸ்டன்ல ஓட்டை வுழும், பார்ட்ஸு இங்க கெடைக்காது, வண்டிய ஷெட்ல வச்சி கும்பிட வேண்டியதுதான். கையைத் துடைத்துக்கொண்டே இன்னொன்றும் சொன்னார், உனுக்கு காது நல்லாக் கீது, எங்கிட்ட வந்துடேன். வருகிறேன் என்று வாய்வரை வந்தது. வீட்டில் சொன்னதும் அக்கா கதவைச் சாத்தினாள், இவர விட்டுட்டு எவனோ மெக்கானிக்கிட்ட போனா நான் இந்த வீட்ல எப்டிடா தலை நிமிர்ந்து நிக்கறது, வண்டி இருக்கறப்ப உனக்கு அங்க என்ன வேலை?

தண்ணி லாரி நகர்ந்தது. பங்க்கில் வேலை செய்கிற சவுரிமுத்து, கையில் குழாயோடு, தூரத்திலிருந்தே சலாம் வைத்தான். “இன்னாண்ணா, ஓனரே லைன்ல நிக்கிறீங்க, கலிகாலம்.”

“லாரிக்காரன் எம்மேல ஏத்திட்டான்னா நீயா வந்து எடுப்ப? நிக்க வேண்டியதுதான்,” என்ற மாமா தனசேகரைக் காட்டினார். “இவன் இன்னா சொல்றான் தெரியுமா, உம் பெட்ரோலு சரியில்லயாம்.”

“எங்க பெட்ரோலா? அண்ணனுக்கு ஏரோப்ளேன் பெட்ரோல் வோணுமா? மீனம்பாக்கம் போங்கண்ணா, பக்கந்தான்.” சவுரிமுத்து சிரித்தான், பின்னால் நின்ற ஸ்கூட்டர்காரரும் சிரித்தார், மாமா மட்டும் சிரிக்கவில்லை.

நேற்று சிட்லபாக்கத்தில் கல்யாணம், மண்டப வாசலில் மாமாவின் பங்காளி ஒருவர் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, இன்னா கோதண்டம், காரு வாங்குனன்னு சொன்னாங்க, டிராக்டர் சத்தம் வருது, என்று கேட்டதைத் தனசேகரும் கேட்டான். அது உள்ளேயே கிடந்திருக்கிறது. மாமா கண்ணாடியை ஏற்றிவிட்டு, குரலை இறக்கி, அவன் பக்கம் திரும்பாமல் சொன்னார். “டேய். நீ சொல்ற அந்தத் தாம்பரம் பங்க்குக்கே போயிட்லாமா? மெய்யாலுமே அதுல சத்தம் நிக்குமா?”

ஆறு மாதமாக இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தான். பதில் தயாராக இருந்தது, நிற்கும் மாமா, ஏற்கெனவே ஒருதரம் நின்றது, பொங்கலுக்கு உங்க தோளடி வாங்கினது அந்தப் பெட்ரோலுக்குத்தான்... இந்த மனிதர், அப்பன் நிலத்தை விட்டு அடுத்தவன் குழாய்க்குப் போகலாமா என்று கேட்கிறார், அதுவும் அவனைக் கேட்கிறார், இதற்குமேல் அவரால் இறங்கி வர முடியாது. திரும்பினால் போதும், பத்துக் கிலோமீட்டர், டேங்க்கில் அதற்கு இருக்கிறது. சத்தம் நிற்கும், பிஸ்டன் பிழைக்கும், வண்டி பத்து வருஷம் ஓடும், பதினைந்து வருஷம்கூட ஓடும் என்பார் ஞானையா, நன்றாகச் செய்த வண்டி... இந்த சீட்டில், இந்த முட்டிக்குப் பக்கத்தில், கியர் போட்டுக்கொண்டு, பதினைந்து வருஷம்.

“வேணாம் மாமா,” என்றான். “இங்கயே போடுங்க.”

“நீதானடா சொன்ன?”

“எதோ கேள்விப்பட்டதை சொன்னேன். பெட்ரோல் எல்லாம் ஒண்ணுதான்.”

மாமா அவனைப் பார்த்தார், பிறகு மூச்சு விட்டார், அதில் நிம்மதி இருந்தது, ஜெயித்த மாதிரியும் இருந்தது. “அதான் நானும் சொல்றேன்,” என்று கண்ணாடியை இறக்கினார். “ஊத்துடா சவுரி, ஃபுல்லு.”

“ஜீரோ பாத்துக்கங்கண்ணா.” மூடி திறக்கிற சத்தம் கேட்டது, பக்கக் கண்ணாடியில் அந்தக் குங்குமப் பொட்டு தெரிந்தது, காய்ந்து ஓரம் உதிர்ந்திருந்தது, எட்டின் வளைவு ஒன்று வெளியே எட்டிப் பார்க்கிறதோ... அவன் உற்றுப் பார்க்கவில்லை, மீட்டரைப் பார்த்தான், எண்கள் ஓடின. ஒன்று, என்று எண்ணினான், ஞானையா சொன்ன நாலு டேங்க்கில் இது ஒன்று. எதற்கு எண்ணுகிறான்? ஒரு எஞ்சின், உலகத்தில் எங்கோ யாரோ அக்கறையாகச் செய்து, என்ன வேண்டும் என்று மூடிக்குள் தெளிவாக எழுதியும் அனுப்பிய எஞ்சின், அது அவனுக்கு என்ன கெடுதல் செய்தது? பொங்கலுக்கு முன்னால் அந்த ஒருநாள் அவனைச் சிரிக்கக்கூட வைத்தது.

சவுரிமுத்து மூடியை அழுத்திச் சாத்தினான். தனசேகர் சாவியைத் திருப்பி, ஜி.எஸ்.டி. ரோட்டில் ஏற்றி, இரண்டாவது கியரிலிருந்து மூன்றாவதுக்கு மாற்றி மிதித்தான், மாமா இன்றைக்கு ராத்திரி என்ன குழம்பு என்று அக்காவிடம் போனில் கேட்டுக்கொண்டிருந்தார், தன் பக்கத்துக் கண்ணாடியை இவன் முழுவதும் ஏற்றினான், ரேடியோவை அணைத்தான், காதைக் கொடுத்தான். சத்தம் இன்னும் வரவில்லை. வர வேண்டும், இந்த இடத்தில் எப்போதும் வரும். இன்னும் கொஞ்சம் அழுத்தி மிதித்தான்.