ஆறாவது மாடி பிலோமினம்மாள்

கறுப்புச் சேலைக்கு மாற்றிக்கொண்டு போகலாம் என்றுதான் ஜோசபின் தன் வீட்டுக்கு வந்திருந்தாள். மூன்றாவது மாடி நடைபாதையில் நின்று கைப்பைக்குள் சாவியைத் துழாவியபோது, பழக்கத்தில் எதிர் அடுக்குமாடிப் புளோக்கைத் திரும்பிப் பார்த்தாள். அதன் சுவரில்லாத கீழ்த்தளத்தில் வெள்ளைத் துணி கட்டி, நாற்காலிகள் போட்டு, பிலோமினம்மாளின் சவப்பெட்டியை வைத்திருந்தார்கள். வெளித்தூணில் பெயர் எழுதி ஒட்டிய அட்டை. அந்த அட்டைக்கு முன்னால் லாசரஸ் நின்றுகொண்டிருந்தார்.

ஜோசபின் சட்டென்று பின்வாங்கிப் பக்கத்து வீட்டுச் செடித் தொட்டிகளுக்குப் பின்னால் ஒதுங்கினாள்.

அவருக்கு அவள் ஜோசபின் இல்லை. இந்த நான்கு மாதங்களாக அவள் பிலோமினம்மாள். எதிர்ப் புளோக், ஆறாவது மாடி. பெயரையும் புளோக்கையும் மாடியையும் இரவல் கொடுத்தவள் நேற்று விடிகாலையில் மாரடைப்பால் போய்விட்டாள்.

அது பிலோமினாவின் யோசனைதான். தமிழ் வார இதழ் ஒன்றில் 'துணை நாடுவோர்' என்று ஒரு பகுதி வந்துகொண்டிருந்தது. ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்குக் கட்டணம் கிடையாது. ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் பிரிவில் முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்ற ஜோசபின், கணவர் சவரிராஜ் இறந்து ஆறு வருஷம் கழித்து, ஒரே மகன் பெர்த்தில் குடியேறிய பிறகு, அந்தப் பகுதியை வாராவாரம் வெறுமனே வாசித்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் அதைப் பிலோமினாவிடம் காட்டினாள். சிரிப்பாள் என்று நினைத்தாள். பிலோமினா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசி வரி வரைக்கும் படித்தாள்.

"காசு கட்டணும்னா நாலு பேரு யோசிச்சு வருவான். இலவசம்னா எவன் வேணா வருவான் லா. அதனால வேணாங்கல. ஆனா உன் பேரக் குடுக்காத. என் பேரப் போடு. என் புளோக்கு, என் மாடி. எவனாச்சும் வம்பு பண்ண வந்தா வாசல்ல நான்தான் நிப்பேன். என்னப் பாத்ததும் ஓடிருவான்."

"போங்கக்கா. போன் நம்பர் குடுக்கணுமே?"

"அது ஒண்ணுதான் உன்னோடது. போன் வழியா எவனும் வீட்டுக்குள்ள வர முடியாது பாரு."

ஜோசபினுக்கு இது விளையாட்டாகத் தோன்றவில்லை. அவளுடைய ஜெபக் குழுவில் இருந்த ஒருத்தி இப்படி வந்த ஒரு மனிதருக்குக் கதவைத் திறந்துவிட்டாள். மரியாதையாகப் பேசுவார், பூசைக்கு முன்வரிசையில் நிற்பார். ஒரு மழைக்காலம் முழுவதும் அவள் வீட்டில் சாப்பிட்டுவிட்டு, பீரோவில் இருந்ததையெல்லாம் எடுத்துக்கொண்டு எல்லை தாண்டி ஜொகூர் பக்கம் போய்விட்டார். பொருள் போனதைவிட, அதற்குப் பிறகு அவள் கோயிலுக்கு வருவதையே நிறுத்திவிட்டதுதான் ஜோசபினின் மனதில் நின்றது. தனக்கென்று மிஞ்சியிருப்பது ஒரு கதவு. அதை யாருக்குத் திறப்பது என்பதில் தவறு செய்தால் மறுபடி சரிசெய்ய வயது இல்லை.

லாசரஸ் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவராம். மனைவி இறந்துவிட்டாராம். ஈசூனில் மகள் வீட்டில் இருக்கிறாராம். எல்லாமே அவர் சொன்ன 'ஆம்'தான். முதல் சந்திப்பு தேக்கா சந்தைச் சாப்பாட்டுக் கடைகளுக்கு நடுவே, கூட்டமான நேரத்தில் நடந்தது. பிலோமினா சொன்னபடி ஜோசபின் வழியைப் பார்த்த நாற்காலியில் உட்கார்ந்தாள். கை கழுவ எழுந்து போய்விட்டு வந்தபின், மேசையில் விட்டுப்போன தேநீரை, எதையாவது கலந்திருந்தால் என்று, தொடவில்லை. அவர் அதைக் கவனித்தார். பால் சேர்க்காத தே ஓ ஒன்றைப் புதிதாகக் கொண்டுவரச் சொல்லி, கடைக்காரர் கையிலிருந்தே அவளை வாங்கிக்கொள்ளச் செய்தார். அது நல்ல குணமா, ஏமாற்றிப் பழகிய கையா என்று அவளுக்குப் புரியவில்லை.

புரியாதவை வேறு சிலவும் இருந்தன. அவருடைய இடது மோதிர விரலில் வெளுத்த ஒரு வளையம். கேட்டபோது, விரல் வீங்குகிறது, சோப்புப் போட்டுக் கழற்றினேன் என்றார். எப்போது என்று சொல்லவில்லை. அதைவிடப் பெரிது தொலைபேசி. ஒவ்வொரு முறை அவர் அழைக்கும்போதும் காசு விழும் சத்தம் கேட்டுத்தான் குரல் கேட்கும். பின்னால் காப்பிக் கடை இரைச்சல். வீட்டுத் தொலைபேசியில் ஊருக்குள் எவ்வளவு பேசினாலும் தனிக் காசு கிடையாது; எல்லோருக்கும் தெரியும். இருந்தும் இந்த மனிதர் சில்லறையோடு கீழே இறங்கிப் போய்ப் பேசுகிறார். வீட்டு எண்ணைக் கேட்டால், "மக வீடு, அவளுக்கு இன்னும் சொல்லல" என்பார்.

"மகளோ, பொண்டாட்டியோ" என்றாள் பிலோமினா.

சந்திப்பு முடிந்தால் பேருந்தில் கூடவே வந்து, எதிர்ப் புளோக் கீழ்த்தளம் வரை கொண்டுவந்து விடுவார். ஜோசபின் மின்தூக்கியில் ஏறுவாள். அது ஐந்தாவது மாடியில்தான் நிற்கும். அங்கிருந்து ஒரு மாடி படியேறிப் பிலோமினாவின் வீட்டுக்குப் போவாள். முழங்கால் வலிக்காரி பிலோமினா நடைபாதைச் சுவரில் சாய்ந்து கீழே பார்த்துக்கொண்டிருப்பாள்.

"இன்னும் நிக்கிறாரு… ஷூ லேஸ் கட்டுறாரு… போயிட்டாரு லா. நீ காப்பி குடி."

"மேல வரவான்னு ஒரு தடவகூடக் கேக்கலக்கா. அதுதான் எனக்கு ஒரு மாதிரியா இருக்கு."

பிலோமினா இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "கேட்டாலும் சந்தேகம், கேக்காட்டியும் சந்தேகம். அந்த ஆளு என்னதான்டி பண்ணுவாரு?"

நேற்று காலை தேக்காவில் சந்திப்பதாக இருந்தது. ஆனால் விடியும் முன்பே பிலோமினாவின் மகன் இயேசுதாசன் ஜோசபினின் கதவைத் தட்டினான். அதன்பிறகு தேக்கா அவள் நினைவில் இல்லை. நினைவு வந்திருந்தாலும் லாசரஸுக்குச் சொல்ல எந்த எண்ணும் இல்லை. அவர் அழைத்திருப்பார். பூட்டிய வீட்டில் மணி அடித்து ஓய்ந்திருக்கும். இன்று தேடி வந்துவிட்டார்.

கீழே லாசரஸ் அட்டையை விட்டு நகரவில்லை. இயேசுதாசன் அவரிடம் போனான். அவர் ஏதோ கேட்டுக் கையை மேலே காட்டினார். ஆறாவது மாடியா என்று கேட்டிருக்க வேண்டும். இயேசுதாசன் தலையசைத்தான். லாசரஸ் பக்கத்திலிருந்த பிளாஸ்டிக் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

செடித் தொட்டிகளுக்குப் பின்னாலிருந்து ஜோசபின் அவரை விடாமல் பார்த்தாள். உடனே ஓடிப்போய்ச் சொல்லியிருக்க வேண்டும். அவள் போகவில்லை. ஒரு பெண் செத்துவிட்டாள் என்று நம்பும்போது ஒரு மனிதர் என்ன செய்கிறார் என்று பார்க்க இனி ஒரு வாய்ப்பு வராது என்று உள்ளே ஒரு குரல் சொன்னது. பிலோமினாவின் குரலாகத்தான் அது கேட்டது. அந்த நினைப்பில் வெட்கமும் இருந்தது. அங்கே பெட்டிக்குள் கிடப்பவளை வைத்து இங்கே ஒரு சோதனை.

அவர் திரும்பிப் போகவில்லை. இயேசுதாசன் நீட்டிய குளிர்பானப் பொட்டலத்தை வாங்கவில்லை. சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டார். பெண்கள் ஜெபமாலை தொடங்கியிருந்தார்கள். ஒருத்தி முன்பாதியைச் சொல்ல, மற்றவர்கள் மறுபாதியைச் சொன்னார்கள். நாற்காலி வரிசைகளுக்கு நடுவே நடந்தபோது லாசரஸின் உதடுகளும் மறுபாதியைச் சொல்வதுபோல் அசைந்தன. இவ்வளவு தூரத்தில் அதை உறுதியாகச் சொல்ல முடியாது. பெட்டிக்கு முன்னால் போய்ச் சிலுவை போட்டுக்கொண்டு, பிறகுதான் தலையை நிமிர்த்தினார். மாலை போட்ட படம் அங்கே இருந்தது.

நெடுநேரம் அப்படியே நின்றார். குனிந்து பெட்டிக்குள் பார்த்தார். மறுபடியும் படத்தைப் பார்த்தார்.

பிறகு வேகமாக வெளியே வந்தார். முகம் தெரியவில்லை. நடை மட்டும் தெரிந்தது. ஏமாற்றப்பட்டவரின் நடையா, தப்பித்தவரின் நடையா? பேருந்து நிறுத்தத்துக்குத்தான் போகிறார் என்று நினைத்தாள். போகட்டும். சில மாதங்களில் மறந்துபோகும். அவர் நிறுத்தத்துக்குப் போகவில்லை. கோடித் தூணில் இருந்த பொதுத் தொலைபேசிக்கு முன்னால் நின்று சட்டைப் பையைத் துழாவினார்.

யாருக்கு? மகளுக்கா? இல்லாத மனைவிக்கா?

பூட்டிய கதவுக்குப் பின்னால் ஜோசபினின் வீட்டுத் தொலைபேசி அடித்தது.

கைக்குக் கிடைக்காமல் இருந்த சாவி இப்போது கிடைத்தது. உள்ளே போய்க் கிரில் கேட்டை இழுத்துப் பூட்டினாள். மரக் கதவைச் சாத்த மறந்துவிட்டாள். ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தாள். காசு விழுந்தது. அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம். அதற்குப் பின்னால் பெண்கள் ஜெபமாலை சொல்லும் குரல்கள். அதே குரல்கள் திறந்திருந்த கதவு வழியாக அவளுடைய மறு காதிலும் விழுந்துகொண்டிருந்தன.

"ஹலோ" என்றார் அவர். பிறகு, "உயிரோடதான் இருக்கீங்களா?"

"இருக்கேன்."

"நீங்க யாருங்க?"

அவருக்கு எந்தப் பெயரைச் சொல்வது? "அதைத்தான் நானும் உங்களக் கேக்கணும்னு இருந்தேன்" என்றாள். குரல் அவள் நினைத்த அளவு கடுமையாக வரவில்லை.

அவர் கேட்டுக்கொண்டிருந்தார். பெண்கள் அடுத்த மங்கள வார்த்தை ஜெபத்தைத் தொடங்கினார்கள்.

"உங்க பக்கமும் ஜெபமாலை கேக்குது" என்றார் மெதுவாக. "இங்கதான் எங்கயோ இருக்கீங்க."

ஜோசபின் ரிசீவரோடு வாசல் பக்கம் நகர்ந்தாள். கம்பி இழுபட்டது. தொலைபேசி மேசையின் விளிம்புவரை வந்து நின்றது. கிரில் கம்பிகளின் ஊடே, நடைபாதைச் சுவருக்கு மேலாக எதிர்ப் புளோக்கின் கோடித் தூண் தெரிந்தது. லாசரஸ் தூணை விட்டு வெளியே வந்து, ரிசீவர் கம்பி எட்டுகிற தூரத்தில் நின்றிருந்தார். அவளுடைய புளோக்கை உச்சி மாடியில் தொடங்கிக் கீழ்நோக்கிப் பார்த்துக்கொண்டு வந்தார். ஒரு வரிசைக் கதவுகள், பிறகு அதற்குக் கீழே ஒரு வரிசை.

காசு முடியப் போகிறது என்று சொல்லும் பீப் ஒலி கேட்டது. அவர் பார்வையை எடுக்காமலே கையைப் பின்னால் நீட்டித் துழாவினார். இன்னொரு காசு விழுந்தது.

ஜோசபினின் மறு கை கிரில் பூட்டின் மேல் இருந்தது. சாவி அதிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. அவருடைய பார்வை நான்காவது மாடிக்கு இறங்கியிருந்தது.